அப்பாவுக்கு ஒரே ஒரு ஊசிதான் போட்டார்கள்

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் களுதாவளையில் இருக்கிறேன், ஆசிரியை. அப்பாவுக்கு 67 வயது, வெற்றிலைத் தோட்டம் செய்கிறவர். பத்து வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை போடுகிறார். போன கிழமை அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருக்கு வலது பக்கக் கவட்டில் ஹெர்னியாவுக்கு வலை வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். அடுத்த நாளே துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். கையில் தந்தது பனடோல் மட்டும்தான். அன்டிபயோட்டிக் ஒன்றுமே இல்லை. கேட்டதற்கு, "தியேட்டருக்குள்ளயே ஊசி போட்டாச்சு, இனித் தேவையில்ல" என்று நர்ஸ் மிஸ் சொன்னார்.

பக்கத்து வீட்டு மாமாவுக்குப் போன வருடம் இதே ஒப்பரேஷன் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. அவருக்கு மூன்று நாள் ஊசி, அதன்பிறகு வீட்டுக்கு ஏழு நாளைக்கு இரண்டு வகைக் குளிசை. என் மச்சானுக்குக் குடல்வால் வெடித்து ஒப்பரேஷன் செய்தபோதும் ஐந்து நாள் ஊசி போட்டார்கள். "மருந்து இல்லாமத்தான் சும்மா அனுப்பியிருக்கானுகள், மறுகா சிதழ் பிடிச்சா ஆரு பாக்கிற?" என்று சித்தப்பா சத்தம் போடுகிறார். பக்கத்து வீட்டு மாமா தன்னிடம் மிச்சமிருக்கும் குளிசையைத் தரட்டுமா என்று கேட்கிறார். காயம் காய்ந்து வருகிறது. ஆனால் விதைப்பை கறுத்து வீங்கியிருக்கிறது.

ஒரு ஊசி போதுமா? பாமசியில் ஏதாவது வாங்கிக் கொடுக்கவா? ஒரே ஒப்பரேஷனுக்கு ஒரு டொக்டர் ஒரு ஊசி, இன்னொரு டொக்டர் பத்து நாள் மருந்து என்றால், டொக்டர்மாருக்கே இது சரியாகத் தெரியுமா? மற்றது, மீன், இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, காயத்தைக் கெடுக்கும் என்று அம்மம்மா நிறுத்திவிட்டார். கொடுக்கலாமா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமாவின் மிச்சக் குளிசை வேண்டாம். பாமசியில் வாங்கவும் வேண்டாம். தியேட்டரில் போட்ட அந்த ஒரு ஊசி உங்கள் அப்பாவுக்குப் போதும். தெரிந்துதான் அவரை வெறும் பனடோலோடு அனுப்பியிருக்கிறார்கள்.

விதைப்பை கறுத்ததைப் பார்த்துத்தான் இத்தனை பயமும் கிளம்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். கவட்டில் வெட்டித் தைத்த இடத்தில் கொஞ்சம் இரத்தம் கசியும். அது பள்ளம் தேடிக் கீழே இறங்கி அங்கே தங்கும். முதலில் கத்தரிக்காய் நிறம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று கிழமையில் மறைந்துவிடும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே அன்டிபயோட்டிக் அதை ஒன்றும் செய்யாது. இறுக்கமான உள்ளாடை போடச் சொல்லுங்கள். படுக்கும்போது சின்னத் துவாய் ஒன்றைச் சுருட்டி அடியில் வைத்தால் வீக்கம் கெதியில் வடியும். வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலோ, தாங்க ஏலாத வலி வந்தாலோ மட்டும் தாமதிக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி அந்த ஊசியின் கதைக்கு வருவோம்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியன். ஒப்பரேஷன் என்றால் ஆட்களுக்குச் சேர்ஜனின் முகம்தான் ஞாபகம் இருக்கும். அன்டிபயோட்டிக் ஊசியைப் போடுகிற கை பெரும்பாலும் எங்களுடையது. வழக்கமாகக் கையாளும் மருந்துகளில் ஒன்று செஃபியுரொக்சிம். 750 மில்லிகிராம் குப்பி இரண்டு. உள்ளே வெள்ளைத் தூள் இருக்கும், ஊசிக்கான சுத்த நீரை ஏற்றிக் குலுக்கினால் மெல்லிய மஞ்சள் எடுக்கும். இரண்டு குப்பியையும் 20 மில்லிலீற்றர் சிரிஞ்சில் இழுத்து, ஒரு துண்டுப் பிளாஸ்டரில் மருந்தின் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டி, கையிலுள்ள கனூலா என்ற சின்னக் குழாய் வழியாக மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றுவோம். அந்த நேரம் உங்கள் அப்பா கால் விறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார், அல்லது மேலே உள்ள பெரிய விளக்கைப் பார்த்தபடி களுதாவளைப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டிருந்திருப்பார். இப்படி ஒரு மருந்து உடம்புக்குள் போனதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பிறகு வீட்டுக்கு வந்ததும் "ஒண்டும் தரல்ல" என்ற மனக்குறை. எங்கள் பிழையும் இதில் உண்டு. ஊசியை ஏற்றும்போது "ஐயா, காயத்தில கிருமி பிடிக்காம இருக்க இந்த மருந்து" என்று ஒரு வாய் சொன்னால் முடிகிற விஷயம்.

ஏன் வெட்டுவதற்கு முன்னால்?

தோலை எவ்வளவு தேய்த்துத் துடைத்தாலும் மயிர்க்காலின் அடியிலும் வியர்வைச் சுரப்பியிலும் கொஞ்சக் கிருமி மிஞ்சத்தான் செய்யும். கத்தி இறங்குகிற நேரத்தில் அது உள்ளே போகிறது. அந்த நேரத்தில் இரத்தத்திலும் சதையிலும் மருந்து ஏற்கெனவே நிறைந்து நின்றால் கிருமி கால் ஊன்ற முன்னமே செத்துவிடும். பிந்தினால், வெட்டிய இடத்தில் இரத்தம் உறைந்து, கிருமியும் பெருகத் தொடங்கிவிடும். பிறகு அங்கே மருந்து போய்ச் சேர்வதே பாடு.

இது இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1961 இல் அமெரிக்காவில் ஜோன் பேர்க் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் கினிப் பன்றிகளின் தோலுக்குள் கிருமியை ஏற்றி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி ஏறுவதற்குச் சற்று முன்னரோ, கூடவேயோ கொடுத்தவற்றில் புண் பெரிதாக வரவில்லை. மூன்று மணித்தியாலம் கழித்துக் கொடுத்தவற்றுக்கும் மருந்தே கொடுக்காதவற்றுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அப்புறம் 1992 இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. வெட்டுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் மருந்து போனவர்களில் காயத்தில் தொற்று வந்தது 100 இற்கு 0.6 பேருக்கு. அதைவிட முந்திக் கொடுத்தவர்களில் 3.8. வெட்டி மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு கொடுத்தவர்களில் 3.3. மிக முந்திக் கொடுத்ததும் பிந்திக் கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே கணக்கு! இன்றைய பொதுவான வழக்கம், தோலைக் கீறுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்பது. மெதுவாக ஏற்ற வேண்டிய சில மருந்துகளுக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது வட்டைக்காவல். யானை வயலுக்குள் இறங்க முன்னம் பரணில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஒரு இரவு ஆள் நித்திரை என்றால் வெள்ளாமை போச்சு. வெட்டி, சூடடித்து, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு ஏழு நாள் வெறும் வயலில் காவல் இருக்கிற போடியாரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? தையல் போட்டு மூடிய காயத்துக்கு ஏழு நாள் குளிசை கொடுப்பது அந்தக் காவல்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இதை அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது: காயத்தில் தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கை ஒப்பரேஷன் முடிந்த பிறகு நீட்ட வேண்டாம். அதே வருடம் நம் நாட்டிலும் நுண்ணுயிரியல் வைத்தியர்களின் கல்லூரி, தடுப்புக்காகவும் சிகிச்சைக்காகவும் எந்த அன்டிபயோட்டிக்கை எப்படிக் கொடுப்பது என்று தேசிய வழிகாட்டல் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் அப்பாவின் வார்ட்டில் நடந்ததை யாரும் புதுமையாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒப்பரேஷன் நான்கு மணித்தியாலத்தைத் தாண்டினாலோ, ஒன்றரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனாலோ தியேட்டருக்குள்ளேயே இன்னொரு தடவை போடுவோம். ஹெர்னியாவுக்கு அந்த நிலை வருவதில்லை. தொற்று மிகக் குறைவான இடங்களில், வேறு வருத்தம் இல்லாத ஆளுக்கு, ஹெர்னியா வலைக்கு இந்த ஒரு ஊசிகூடக் கட்டாயம் இல்லை என்று சொல்லும் வழிகாட்டல்களும் உண்டு. உங்கள் அப்பாவுக்குச் சீனி இருக்கிறது, உள்ளே வலையும் இருக்கிறது. அதனால் போட்டது நல்லது.

மச்சானையும் மாமாவையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள், அதைப் பிரிக்க வேண்டும். மச்சானுக்குக் குடல்வால் வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள் ஏற்கெனவே சிதழ் பரவிவிட்டது. அவருக்குக் கொடுத்தது சிகிச்சை. வந்துவிட்ட யானையை விரட்டுகிற வேலை, அதற்கு நாட்கள் வேண்டும். அங்கேகூட முன்பு போல பத்துப் பதினைந்து நாள் இழுப்பதில்லை. வயிற்றுக்குள் பரவிய தொற்றைச் சரியாகச் சுத்தப்படுத்திய பிறகு நான்கு நாள் கொடுப்பதும் எட்டு நாள் கொடுப்பதும் ஒரே பலன்தான் என்று 518 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2015 இல் காட்டியது. மச்சானின் டொக்டர் ஐந்து நாளில் நிறுத்தியது நல்ல கணக்கு. மாமாவின் ஹெர்னியாவில் சிதழும் இல்லை, தொற்றும் இல்லை. அவருக்குக் கொடுத்த பத்து நாள் மருந்துதான் எனக்கு விளங்காதது.

"கூடக் கொடுத்தால் என்ன குறையப் போகிறது?" இதை என்னிடம் வைத்தியர்களே கேட்டிருக்கிறார்கள். குறையும். 2019 இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 79,058 ஒப்பரேஷன்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தடுப்பு மருந்தை ஒவ்வொரு நாளாக நீட்ட நீட்டச் சிறுநீரகப் பாதிப்பும், குடலில் ஒரு பொல்லாத கிருமி பெருகி வருகிற வயிற்றோட்டமும் கூடிக்கொண்டே போயின. காயத்தில் தொற்று மட்டும் குறையவில்லை. பத்து வருடம் சீனி வருத்தத்தோடு இருக்கிற ஒருவரின் சிறுநீரகத்தை வைத்து விளையாட நான் தயாரில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம், மருந்துக்கு அடங்காத கிருமி. தேவையில்லாமல் விழுங்குகிற ஒவ்வொரு குளிசையும் உடம்பிலுள்ள எளிய கிருமிகளைக் கொன்று, முரட்டுக் கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019 இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. டொக்டர்மாருக்கே இது சரியாகத் தெரியுமா?

மழுப்பாமல் சொல்கிறேன். எந்த மருந்து என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். எப்போது கொடுப்பது என்றால் சிலர் தடுமாறுவார்கள். எப்போது நிறுத்துவது என்றால் ஆளுக்கொரு விடை வரும். நம் ஊரில் மட்டும் என்று இல்லை, பல நாடுகளில் ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட பெரிய குறை, தேவைக்கு மேல் நாட்களை நீட்டுவதுதான்.

ஏன் இப்படி? ஒன்று, படித்த காலம். சிசேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தபோது, பிள்ளையை எடுத்து, தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் தாய்க்கு அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். மருந்து பிள்ளைக்குப் போய்விடும் என்ற பயம். பிறகு வந்த ஆய்வுகளில், வெட்ட முன்னம் கொடுத்த தாய்மாருக்குத்தான் தொற்றுக் குறைவு, பிள்ளைகளுக்குக் கெடுதலும் இல்லை என்று தெரிந்தது. இப்போது வெட்ட முன்னமே கொடுக்கிறோம். பரீட்சை எழுதி முடித்ததோடு புத்தகத்தை மூடியவருக்கு இது போய்ச் சேராது.

இரண்டாவது, எழுதுகிற பழக்கம். உள்ளகப் பயிற்சிக் காலத்தில் நானே செய்தது இது. காலை ரவுண்டில் பெரிய டொக்டருக்குப் பின்னால் ஓடி ஓடி, ஒவ்வொரு பெட் ஹெட் டிக்கெட்டிலும், அதாவது நோயாளியின் குறிப்புத் தாளிலும், "தொடரவும்" என்று எழுதுவேன். முப்பது கட்டிலுக்கும் தொடரவும், தொடரவும். யாருக்கு எதற்காகத் தொடங்கியது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. "நிறுத்து" என்று எழுத ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். "தொடரவும்" என்று எழுத ஒருவரும் பொறுப்பெடுக்கத் தேவையில்லை. கையெழுத்துப் போட்டால் போதும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. பயம். குளிசை கொடுக்காமல் அனுப்பிய ஒருவருக்குச் சிதழ் பிடித்தால் உங்கள் சித்தப்பா ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். ஏழு நாள் குளிசை கொடுத்து ஒருவருக்குச் சிதழ் பிடித்தால், "டொக்டர் எல்லாம் குடுத்தவர், விதி" என்று போய்விடுவார்கள். குளிசையால் வயிற்றோட்டம் வந்து கிடந்தாலும் அது டொக்டரின் கணக்கில் ஏறாது, முதல் நாள் சாப்பிட்ட சோற்றின் கணக்கில் ஏறும். சித்தப்பாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாமாவின் டொக்டர் காசுக்காக எழுதியிருப்பார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் கை எழுதும், எனக்கும் எழுதியிருக்கிறது.

தெரிந்திருந்தும் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். மயக்க மருந்துத் துறைக்கு வந்த புதிதில், ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றைத் திறந்து செய்கிற ஒப்பரேஷன். செங்கல் அறுக்கிற வாடியில் வேலை செய்கிற ஒரு அம்மா. காலையில் முதல் ஆளாக எடுப்பதாக இருந்தது. இடையில் விபத்தில் அடிபட்ட பையன் ஒருவன் வர, அவனைத் தூக்கி மேசையில் போட்டோம். அம்மாவின் முறை வரும்போது பதினொன்றரை. "அன்டிபயோட்டிக்?" என்று கேட்டேன். "வார்ட்டில குடுத்தாச்சு சேர்" என்றார்கள். சரி என்று தாளில் அடையாளம் போட்டேன். எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.

வார்ட்டில் கொடுத்தது காலை ஆறரைக்கு. ஐந்து மணித்தியாலத்தில் அந்த மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் மிஞ்சியிருக்காது. ஏழாம் நாள் தையல் பிரிந்து சிதழ் வடிய அந்த அம்மா திரும்பி வந்தார். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, சரியான நேரத்தில் கொடுத்தாலும் சிலருக்குத் தொற்று வரும். ஆனால் மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து மருந்து கட்டிக்கொண்டு போனார். வாடிக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அந்த நாட்களில் கிளினிக் வாங்கில் அவர் இருப்பதைக் கண்டால் நான் மற்றப் பக்கத்துப் படியால் போவேன். அறிவு இருந்தது, ஒரு கேள்வி குறைந்தது.

இந்த ஒரு கேள்விக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த ஒப்பரேஷன் பாதுகாப்புத் தாளில் ஒரு வரி இருக்கிறது. தோலைக் கீறுவதற்கு முன் எல்லோரும் கையை நிறுத்திக் கேட்க வேண்டும்: கடந்த 60 நிமிடத்துக்குள் அன்டிபயோட்டிக் கொடுத்தாயிற்றா? "கொடுத்தாயிற்றா" என்பதைவிட அந்த "60 நிமிடத்துக்குள்" தான் அதில் உயிர். யாருடைய மூளையும் களைத்த நேரத்தில் கைவிடும், தாள் கைவிடாது. இப்போது நான் சிரிஞ்சில் நேரம் எழுதாமல் ஊசியைத் தொடுவதில்லை.

மருந்து இல்லாமல் அனுப்பியிருப்பார்கள் என்ற சித்தப்பாவின் சந்தேகத்தையும் நான் தட்டிவிடவில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது, சில ஆஸ்பத்திரிகளில் அவசரமில்லாத ஒப்பரேஷன்களையே தள்ளிப்போட்டார்கள். அந்த ஞாபகம் சனத்துக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே மிஸ் உங்களிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார், அந்தக் காரணமும் சரியானது. இன்னும் மனம் ஆறவில்லை என்றால், கிளினிக் போகும்போது, "தியேட்டரில அப்பாவுக்கு என்ன அன்டிபயோட்டிக், எத்தின மணிக்குப் போட்ட?" என்று கேளுங்கள். அது பெட் ஹெட் டிக்கெட்டோடு வைக்கும் மயக்க மருந்துத் தாளில் எழுதியிருக்கும். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

மாமாவின் குளிசை பற்றி ஒரு வார்த்தை. பத்து நாள் கோர்ஸில் மிச்சம் எப்படி வந்தது? இடையில் வயிற்றைப் புரட்டி விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். போன வருடத்துக் குளிசை, அலுமாரி வெக்கையில் கிடந்தது, எண்ணிக்கை அரைகுறை, என்ன மருந்து என்றும் தெரியாது. சில அன்டிபயோட்டிக்குகள் சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனியைத் திடீரென்று இறக்கி ஆளை மயங்க வைத்துவிடும். பாமசியில் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கவும் கூடாது. கேட்டால் தருகிற இடம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி ஒருவருக்கு ஒப்பரேஷன் என்று வந்தால், ஊசியின் எண்ணிக்கையை விட்டு இவற்றைக் கவனியுங்கள். முதல் நாள் இரவு வீட்டில் பிளேட்டால் மயிர் மழிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவிரவாகக் கிருமி குடியேறிவிடும். தேவையென்றால் ஆஸ்பத்திரியிலேயே மெஷினால் கத்தரித்துவிடுவார்கள். சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வரட்டும். சுருட்டு, சிகரெட் பழக்கம் இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்னமே நிறுத்தினால் காயம் ஆறுவதில் வித்தியாசம் தெரியும். ஆளின் நிறையைச் சரியாகச் சொல்லுங்கள், மிகப் பருத்தவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரும். அப்புறம் பென்சிலின் கதை. "எனக்கு பென்சிலின் அலர்ஜிக்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எப்போதோ சின்ன வயதில் மருந்து குடித்து வாந்தி எடுத்திருப்பார்கள், அதை அம்மா அலர்ஜிக் என்று சொல்லி வைத்திருப்பார். நாங்கள் அதை நம்பி நல்ல மருந்தை விட்டு இரண்டாம் தர மருந்துக்குப் போவோம். உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா, அல்லது வெறும் வாந்தியா என்று விவரமாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இப்போது என்ன பார்க்க வேண்டும்? காயத்தில் தொற்று வருவதென்றால் அநேகமாக ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும். நீங்கள் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். தையலைச் சுற்றிச் சிவப்புப் பரவுகிறதா, புறங்கையை வைத்தால் மற்றப் பக்கத்தைவிடச் சுடுகிறதா, குறைந்து வந்த வலி திரும்பக் கூடுகிறதா, சிதழோ நாற்றமுள்ள தண்ணீரோ வருகிறதா, குளிர் நடுங்கிக் காய்ச்சல் அடிக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஒப்பரேஷன் செய்த வார்ட்டுக்கு, அல்லது பக்கத்தில் இருக்கிற களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அப்போது கொடுக்கிற அன்டிபயோட்டிக் சிகிச்சை, அதைச் சொன்ன நாள்வரை ஒழுங்காகப் போட வேண்டும். உள்ளே வலை இருப்பதால் மூன்று மாதம் வரை ஒரு கண் வைத்திருங்கள். தழும்பு இறுகிய பிறகு அந்த இடம் சிவந்து வீங்கினாலும் காட்ட வேண்டும்.

காயத்துக்கு இப்போது நீங்கள் கொடுக்கக்கூடிய மருந்து சீனியைக் கட்டுக்குள் வைப்பதுதான். 200 இற்கு மேல் நின்றால் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்கள் சோம்பிவிடும். குளிசையைத் தவறவிடாமல் கொடுங்கள், இந்தக் கிழமை இரண்டு மூன்று தடவை சோதித்துப் பாருங்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டு வருகிற நெக்டோ சோடாவையும் பிஸ்கட்டையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கிரந்தி விஷயத்தில் அம்மம்மாவோடு நேரடியாகச் சண்டைக்குப் போக வேண்டாம், யாரும் வென்றதில்லை. சதை பொருந்த புரதம் வேண்டும், நம் கரையில் அதற்கு மீனைவிட மலிவாகவும் நல்லதாகவும் என்ன இருக்கிறது? முன்பு மீன் தின்று உடம்பு கடித்துத் தடிக்காத ஆளுக்கு மீனால் காயம் கெடாது. கத்தரிக்காயை அம்மம்மாவுக்கு விட்டுக்கொடுங்கள், இறாலையும் வேண்டுமானால் ஒரு மாதத்துக்கு விட்டுவிடுங்கள். மீன் சொதியைக் கேட்டு வாங்குங்கள். முட்டையும் பருப்பும் கூடவே போகட்டும். மலச்சிக்கல் வரக் கூடாது, முக்கினால் தையலில் இழுக்கும். கீரை, பப்பாசிப் பழம், தண்ணீர்.

ஒரு கவலை எனக்கு இருக்கிறது. வலி குறைந்ததும் உங்கள் அப்பா வெற்றிலைக் கொடி வாடுகிறது என்று காலையில் யாருக்கும் சொல்லாமல் எழும்பிப் போவார். நடக்கட்டும், கொடியைப் பார்க்கட்டும், இலை கிள்ளட்டும். தண்ணீர் வாளியை மட்டும் ஆறு கிழமைக்குச் சித்தப்பாவின் கையில் கொடுங்கள்.